இறங்கும் கணக்கு

சோமனூர்ச் சந்தைக்கு வந்த ஒறம்பரை
என் கன்னத்தைக் கிள்ளிச் சொன்னாள்:
"கூலி ஏறிருச்சாட்ட இருக்குது,
பௌர்ணமியாட்ட ஆயிட்டயே மயிலாத்தா."

கூலி ஏறவில்லை. மீட்டருக்கு அதே காசு.
ஏறியது கன்னமும்
பிடரிக்குக் கீழே ஒரு திமிலும்
விடியக்காலம் மூணு மணிக்குச்
சோற்றுப் பானையைத் துழாவும் பசியும்.

முதல் மாத்திரையை நான் குறை சொல்ல மாட்டேன்.
அது ஒரு மார்கழி இரவு.
பதினாறு தறியின் பஞ்சும் நெஞ்சுக்குள் இறங்கி
மூச்சு, கிழிந்த பீப்பியாட்டம் கூவியது.
படுக்க முடியாமல் சுவரைப் பிடித்து நின்றேன்.
வீட்டுக்காரர் போய்ச்
சென்னியப்பன் மெடிக்கலின் ஷட்டரைத் தட்டி
காகிதத்தில் மடித்து வாங்கி வந்தார்:
பெயர் இல்லாத நாலு வெள்ளை, ஒரு மஞ்சள்.
பொழுது கிளம்பும்போது
காற்று எனக்குள் வந்து போனது,
வாடகை கேட்காத ஆளாட்டம்.

அப்புறம் சீட்டு எதற்கு?
"அதே வெள்ளை குடுங்" என்றால் போதும்.
முழங்கால் வலித்தாலும் அதே.
சித்திரையில் மேலெல்லாம் அரித்தாலும் அதே.
பக்கத்துத் தறி பாவாத்தாவுக்கும் ரெண்டு கொடுத்தேன்,
கைமாத்தாக.

ஒன்றரை வருசம்.
தறிக்கட்டை உரசிய இடமெல்லாம் ஊதா பூத்தது.
ஆடியில் பட்ட கீறல் ஐப்பசி வந்தும் ஆறவில்லை.
தூக்கம் போனது.
காரணமில்லாமல் சிரித்தேன்,
காரணமில்லாமல் சொம்பை எறிந்தேன்.
மகன் சொன்னான்:
"போட்டோல நீ வேற யாரோவாட்ட இருக்கறம்மா."

அந்த ஒரு சொல்லுக்குத்தான்
ஒரு வெள்ளிக்கிழமை
அத்தனையையும் சாக்கடையில் கொட்டினேன்.
நல்லது செய்துவிட்டதாக நினைப்பு.

நாலாம் நாள், பாவு பிணைத்துக்கொண்டிருந்தேன்.
நூல் எட்டி எட்டிப் போனது.
தறிச் சத்தம் தூரத்து ரயிலாகி
பிறகு
அதுவும் இல்லை.

பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா ரெஜினா
திட்டுவாள் என்றிருந்தேன்.
திட்டினாள்; நிறுத்தியதற்கு.
"மருந்து கெட்டதுன்னு யார் சொன்னது?
அன்னைக்கு உன்னைப் பிழைக்க வெச்சது அதுதான்.
கணக்கில்லாமத் தின்னது தப்பு,
கணக்கில்லாம விட்டது அதைவிடத் தப்பு."

கிட்னியின் தலைமேல், சும்மாடு வைத்தாற்போல,
சின்னதாய் ஒரு சுரப்பி இருக்கிறதாம்.
இந்தச் சரக்கை உடம்பே நெய்யும் இடம்.
கடையிலிருந்து தினமும் வந்து இறங்கியதால்
தறியை நிறுத்திவிட்டு அது தூங்கிப் போனதாம்.
எழுப்ப வேண்டுமாம், அதட்டாமல்.

எங்களுக்குத் தெரியாததா?
கரண்ட் பட்டென்று போனால்
நாடா பாவின் நடுவே நின்றுவிடும்.
வந்த பிறகு
அறுந்த இழையை ஒவ்வொன்றாய்த் தேட வேண்டும்.
மாத்திரைக்கும் அதுவே என்று யாரும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

இப்போது காலண்டரில் எழுதி இறங்குகிறேன்.
நாலு. மூன்றரை. மூன்று.
அரிவாள்மனையில் வைத்துப் பாதியாய்ப் பிளந்து
சிதறிய பொடியை விரலால் தொட்டு நக்குகிறேன்.
இறங்குகிற வாரங்களில் மூட்டெல்லாம் முனகுகிறது.
சர்க்கரை பார்க்க விரலில் ஒரு குத்து,
எலும்புக்குச் சுண்ணாம்பு மாத்திரை,
மூச்சுக்கு உறிஞ்சும் குப்பி.
அதற்குள்ளும் அதே குடும்பத்து மருந்துதானாம்,
துளியளவு, நேராக நெஞ்சுக்கு.
உறிஞ்சியதும் வாய் கொப்பளிக்க வேண்டும்,
மறந்தால் நாக்கில் வெள்ளை படரும்.

வரமாட்டேன் என்ற பாவாத்தாவையும்
கையைப் பிடித்து இழுத்துப் போனேன்.
நான் கொடுத்த ரெண்டு, எனக்கு உறுத்தியது.

கடையைத் தாண்டும்போது
சென்னியப்பன் திரும்பிக்கொண்டு பெட்டி அடுக்குகிறார்.
திட்ட வாய் வரவில்லை.
அந்த மார்கழியில்
ஷட்டரைத் தூக்கியவரும் அவர்தான்.

மறுபடி வந்தாள் ஒறம்பரை.
"கன்னம் வத்திப் போச்சே,
தறி ஓடறதில்லையா? எதாச்சும் கஷ்டமா?"

வாய் நிறையத் தண்ணீர்.
கொப்பளித்துக்கொண்டிருந்தேன்.